புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஒரிஜினல்தானா? பணம் கொடுக்கும் முன் சோதிக்கும் முறை

கடையில் லேப்டாப்பைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் போய், ‘ஆக்டிவேட்டட்’ என்ற வரியைக் காட்டி, ‘ஒரிஜினல்தான் சார், பாருங்க’ என்பார்கள். அந்த வரியை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்துவிட வேண்டாம். ஆக்டிவேஷன் வேறு, லைசென்ஸ் வேறு. ஏதோ ஒரு சர்வர் இந்த விண்டோஸுக்கு ‘சரி’ சொல்லியிருக்கிறது என்பதுதான் ஆக்டிவேஷன். அந்தச் சர்வர் மைக்ரோசாஃப்டுடையதாக இருக்கலாம். அதைப் போல நடிக்கும் கிராக் புரோகிராமாகவும் இருக்கலாம். லைசென்ஸ் என்பது இந்த இயந்திரத்தில் விண்டோஸை ஓட்ட நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமை. அது இருக்கிறதா என்பதை ஒரு திரையை வைத்துச் சொல்ல முடியாது. பெட்டி, பில், மதர்போர்டு, விண்டோஸ் நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். இன்டர்நெட் வேண்டும், போன் ஹாட்ஸ்பாட்டே போதுமானது.

மூன்று வகை லைசென்ஸ்

பிராண்டு லேப்டாப்போடு வருவது ஓஇஎம் லைசென்ஸ். தயாரிப்பு நிறுவனம் மொத்தமாக வாங்கி ஒவ்வொரு இயந்திரத்திலும் ஏற்றி அனுப்புவது. இது அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடே முடியும், வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்குவது ரீடெயில். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும். மூன்றாவது வால்யூம் லைசென்ஸ். நிறுவனங்கள், கல்லூரிகள் ஒப்பந்தம் போட்டு வாங்குவது. இது தனி ஆளுக்குக் கடையில் விற்கப்படுவதே இல்லை. அதிலும் டெஸ்க்டாப் விண்டோஸுக்கான வால்யூம் லைசென்ஸ் வெறும் அப்கிரேடுதான். அடியில் ஏற்கெனவே ஓர் ஓஇஎம் அல்லது ரீடெயில் லைசென்ஸ் இருந்தால்தான் செல்லும். வீட்டுக்கு வாங்கும் புது கம்ப்யூட்டரில் ‘வால்யூம்’ என்ற சொல் தென்பட்டாலே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பிரிக்கும் முன்

அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மாடல் எண், சீரியல் நம்பர், பிராசஸர், ரேம் வரிசையில் ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்பதும் பெரும்பாலும் இருக்கும். ‘விண்டோஸ் 11 ஹோம்’ அல்லது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்றிருந்தால் ஃபேக்டரியிலேயே விண்டோஸ் ஏற்றியது. இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோக லேப்டாப்புகளில் சிங்கிள் லாங்குவேஜ் சகஜம். அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். ‘டாஸ்’, ‘ஃப்ரீடாஸ்’, ‘உபுண்டு’ என்று இருந்தால் அந்த விலையில் விண்டோஸ் சேரவில்லை. சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைன் கடையானாலும், ஒரே மாடல் ஓரிடத்தில் மட்டும் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

டாஸ் மாடலை வாங்குவதில் தப்பே இல்லை. லினக்ஸ் போடுபவர்களுக்கும், கையில் ரீடெயில் கீ (லைசென்ஸுக்கான 25 எழுத்துக் குறியீடு) வைத்திருப்பவர்களுக்கும் அதுதான் லாபம். ‘அதெல்லாம் நாங்களே விண்டோஸ் புரோ போட்டுத் தர்றோம் சார், காசு வேணாம்’ என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஹோமைவிட விலை கூடுதலான புரோவை யாரும் சும்மா தருவதில்லை.

சீரியல் நம்பரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் நம்பரும் பெட்டியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். டெல் போன்ற நிறுவனங்களின் சப்போர்ட் தளத்தில் அந்த நம்பரைக் கொடுத்தால், இயந்திரம் ஃபேக்டரியை விட்டு வந்தபோது அதில் என்ன இருந்தது என்பதையே பார்க்கலாம்.

முதல் முறை ஆன் செய்யும்போது

ஃபேக்டரி விண்டோஸ் உள்ள புது லேப்டாப், ஆன் செய்ததும் எந்த நாடு, எந்தக் கீபோர்டு என்று கேட்கும். நேரே டெஸ்க்டாப் வந்து நின்றால் கடையில் யாரோ ஏற்கெனவே திறந்து யூசர் அக்கவுண்ட் உருவாக்கியிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு உதவி என்று நினைத்தே சில கடைகளில் இப்படிச் செய்வதுண்டு. பெட்டியின் சீலை உங்கள் எதிரில் பிரிக்கச் சொன்னால் அந்தக் குழப்பமே வராது.

விண்டோஸ் 10 இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

கீழே சொல்லும் சோதனைகளுக்கு முன் இன்டர்நெட்டில் இணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். மதர்போர்டில் உள்ள கீ ஒருமுறை மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பேசிய பிறகுதான் ஆக்டிவேட் ஆகும். இணைக்காமல் பார்த்துவிட்டு ‘நாட் ஆக்டிவேட்டட்’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டால் தவறு நம்முடையதாகிவிடும்.

செட்டிங்ஸ் சொல்வது

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். விண்டோஸ் 11-ல் பாதை இவ்வளவுதான். இங்கே இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எடிஷன் பெயர், ஆக்டிவேஷன் நிலை. எடிஷன், பெட்டி லேபிளில் இருந்ததோடு ஒத்துப்போக வேண்டும். லேபிளில் ஹோம், திரையில் புரோ என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ‘என்டர்பிரைஸ்’ என்றிருந்தால் மேலே படிக்கவே தேவையில்லை, கடை லேப்டாப்பில் அது வர வழியில்லை.

நிலையில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ (இந்த இயந்திரத்துக்காக மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கும் பதிவு) என்ற சொல் வந்தால் நல்லது, ஆனால் அதுவே முடிவல்ல. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் அது கேஎம்எஸ், அதாவது நிறுவனம் தன் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்யும் முறை; வால்யூம் லைசென்ஸ் வழி. உங்கள் நிறுவனம் எது என்று கடைக்காரரையே கேட்கலாம்.

ஐந்து எழுத்துக் கட்டளை

உண்மையான விவரம் கிடைப்பது இங்கேதான். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள சாய்கோடு, அதை ஒட்டி டி (‘டாக்டர்’ தொடங்கும் ஆங்கில எழுத்து), எல், வி என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கடைசி மூன்று எழுத்தில் எம்ஜிஆர் இருப்பதால் முதல் பகுதி மறக்காது. பெட்டி வர சில விநாடிகள் ஆகும். வரவில்லையே என்று மறுபடி மறுபடி தட்டினால் அத்தனை பெட்டிகளும் வரிசையாக வந்து நிற்கும்.

வரும் பெட்டியில் இருபது வரிகள் இருந்தாலும் நமக்கு வேண்டியவை நாலுதான்.

முதல் வரி, நேம். ஹோம் எடிஷனை விண்டோஸ் உள்ளுக்குள் ‘கோர்’ என்றுதான் அழைக்கும். சிங்கிள் லாங்குவேஜ் என்றால் ‘கோர்சிங்கிள்லாங்குவேஜ்’ என்று ஒட்டி வரும். புரோ என்றால் ‘புரொஃபஷனல்’. கோர் என்பதைப் பார்த்து ஏதோ டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, டிஸ்கிரிப்ஷன். இந்த வரியின் கடைசியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதுதான் மொத்தச் சோதனையின் சாரம். ‘ஓஇஎம்_டிஎம்’ என்றால் மதர்போர்டில் பதித்த கீ வேலை செய்கிறது. பிராண்டு லேப்டாப்பில் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான். ‘ரீடெயில்’ என்றால் தனியாக வாங்கிய கீ, அல்லது டிஜிட்டல் லைசென்ஸ். ‘வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட்’ என்றால் புது லேப்டாப்பில் அநேகமாக கிராக். ‘வால்யூம்_மேக்’ என்றால் ஏதோ நிறுவனத்தின் கீ வெளியே கசிந்து விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘டைம்பேஸ்டு_இவால்’ என்றால் சோதனைப் பதிப்பு. சில மாதங்களில் காலாவதியாகும்.

மூன்றாவது, பார்ஷியல் புராடக்ட் கீ. 25 எழுத்துக் கீயின் கடைசி ஐந்து மட்டும் இங்கே தெரியும். இதைக் குறித்து வையுங்கள், அடுத்த சோதனைக்கு வேண்டும். சில ஐந்தெழுத்துகளைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை எல்லாருக்கும் பொதுவான கீகள். ‘டி83ஜிஎக்ஸ்’ என்பது புரோ எடிஷனுக்கு மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கும் கேஎம்எஸ் கீ, ‘2ஒய்டி43’ என்டர்பிரைஸுக்கானது. இரண்டும் நிறுவனத்துக்குள் சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்காகக் கொடுத்தவை. ‘3வி66டி’ புரோவுக்கும் ‘8எச்விஎக்ஸ்7’ ஹோமுக்கும் டிஜிட்டல் லைசென்ஸில் வரும் பொதுக் கீகள். இந்தக் கடைசி இரண்டையும் பார்த்ததும் குற்றம் சொல்ல முடியாது, முறையான டிஜிட்டல் லைசென்ஸிலும் இவைதான் வரும். ஆனால் சீல் பிரிக்காத பிராண்டு லேப்டாப்பில் எதிர்பார்க்கும் கீ இது அல்ல.

நான்காவது, லைசென்ஸ் ஸ்டேட்டஸ். ‘லைசென்ஸ்டு’ என்றிருக்க வேண்டும். ‘நோட்டிஃபிகேஷன்’ என்றால் ஆக்டிவேட் ஆகவில்லை. இப்போது இல்லாவிட்டாலும் கொஞ்ச நாளில் திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக எழுத்து வரும்.

கேஎம்எஸ் இயந்திரமாக இருந்தால் கீழே இன்னும் சில வரிகள் கூடும். ‘259200 மினிட்ஸ், 180 டேஸ்’ என்று காலாவதிக் கணக்கு தெரியும். கேஎம்எஸ் ஒருமுறை 180 நாளுக்குத்தான் அனுமதி தரும். 7 நாளுக்கு ஒருமுறை தன் சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தச் சர்வரின் பெயரும் அங்கே இருக்கும். 127-ல் தொடங்கும் முகவரி என்றால் கம்ப்யூட்டர் தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்கிறது என்று பொருள். அதே கட்டளையில் கடைசி மூன்று எழுத்துக்குப் பதில் எக்ஸ், பி (‘பேப்பர்’ தொடங்கும் ஆங்கில எழுத்து), ஆர் என்று போட்டால் காலாவதித் தேதி மட்டும் வரும். ‘பெர்மனென்ட்லி ஆக்டிவேட்டட்’ என்று வர வேண்டும். தேதி எதுவும் வந்தால் அது சொந்த லைசென்ஸ் அல்ல. 2038 ஜனவரி 19 வரை என்று காட்டினால் கிராக்கேதான். பழைய 32 பிட் கணக்கில் கம்ப்யூட்டர் கடிகாரம் முடியும் நாள் அது. எந்த ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு தேதி கிடையாது.

மதர்போர்டிலேயே கீ இருக்கிறதா

விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் 25 எழுத்துக் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டவர்கள் ஏராளம். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரில் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்), எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் பதிக்கத் தொடங்கினார்கள். இப்போது லேப்டாப்பில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஸ்டிக்கரில் கீ இருக்காது. ஆகவே கீ இல்லாத ஸ்டிக்கரைப் பார்த்துக் கவலை வேண்டாம். ஸ்டிக்கரை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம், பழைய பாடியிலிருந்து எடுத்து ஒட்டுவது பெரிய வேலையல்ல.

பதித்த கீயைப் படிக்க, ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டெர்மினல் திறந்து, பவர்ஷெல்லில் இதை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்:

(கெட்-சிஐஎம்இன்ஸ்டன்ஸ் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ்).ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்புராடக்ட்கீ

சிஐஎம், ஓஏ3எக்ஸ் இரண்டும் தனித்தனி எழுத்துகள், மற்றதெல்லாம் அன்றாட ஆங்கிலச் சொற்கள்தான், ஒட்டி எழுத வேண்டும், அவ்வளவே. மொத்தத்தில் ஒரே ஓர் இடைவெளி. இன்ஸ்டன்ஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில். ‘லைசென்சிங்’ என்பதில் முதலில் சி, பிறகு எஸ். பலரும் தடுமாறுவது இங்கேதான். அடைப்புக்குறியை அடுத்து ஒரு புள்ளி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எதுவானாலும் சரி. பழைய குறிப்புகளில் காணும் டபிள்யூஎம்ஐசி கட்டளை விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் வேலை செய்யாமல் போகலாம்.

25 எழுத்துக் கீ வந்தால், அதன் கடைசி ஐந்தையும் முன்பு குறித்த ஐந்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று, சேனல் ஓஇஎம்_டிஎம், எடிஷன் லேபிளில் உள்ளபடி என்றால் விஷயம் முடிந்தது. தைரியமாகப் பணம் கட்டலாம். இந்தக் கீயைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வெற்று வரி வந்தால் போர்டில் கீ இல்லை. அதாவது அந்த லேப்டாப் விண்டோஸ் இல்லாமல் ஃபேக்டரியை விட்டு வந்தது, அல்லது போர்டு மாற்றப்பட்டது. கீ வந்தும் கடைசி ஐந்து வேறாக இருந்தால், ஹோம் கீ உள்ள இயந்திரத்தில் யாரோ புரோவை ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது வகைக்குத் தீர்வு எளிது. விண்டோஸை அழித்து மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலரை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி மறுபடி போட்டால், போர்டில் இருக்கும் கீயைப் படித்து உரிய ஹோம் எடிஷனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். காசு செலவில்லை.

கட்டளைக்குப் பிடிபடாத ஒன்று

மைக்ரோசாஃப்ட் சர்வரையே ஏமாற்றி டிஜிட்டல் லைசென்ஸ் பதிய வைக்கும் கிராக் உண்டு. அதைப் போட்ட இயந்திரம் ரீடெயில் சேனல், பொதுக் கீ, ‘பெர்மனென்ட்லி ஆக்டிவேட்டட்’ என்று எல்லாமே சுத்தமாகக் காட்டும். சர்வரிலேயே பதிவாகிவிடுவதால் விண்டோஸை அழித்துப் போட்டாலும் தானாக ஆக்டிவேட் ஆகும். திரையை வைத்து இதையும் முறையான லைசென்ஸையும் பிரித்துச் சொல்ல முடியாது. போர்டில் கீ இல்லை, விண்டோஸ் மட்டும் சுத்தமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்றால் இனிமேல் பேச வேண்டியது பில்தான்.

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் இது முக்கியம். தனியாக விற்கும் மதர்போர்டில் கீ பதிந்து வராது; அங்கே வெற்று வரி வருவது இயல்பு. லைசென்ஸ் வாங்கியிருந்தால் கடைக்காரர் கையில் ஏதாவது பொருளாக இருக்க வேண்டும்: சீல் வைத்த விண்டோஸ் பெட்டி, அல்லது வெள்ளிப் பூச்சால் கீயை மறைத்த சான்று ஸ்டிக்கர், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கிய ஆர்டர். பூச்சை நகத்தால் அழுத்திச் சுரண்டினால் அடியில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும், மெதுவாகச் செய்யுங்கள். ஏற்கெனவே சுரண்டிய ஸ்டிக்கரை வாங்காதீர்கள். பில்லில் ‘சாஃப்ட்வேர்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘விண்டோஸ் 11 புரோ’ என்று எடிஷனோடு தனி வரியாக, விலையும் ஜிஎஸ்டியும் போட்டு எழுதச் சொல்லுங்கள். கிராக் போடும் கடை இந்த ஒரு வரியை எழுதத் தயங்கும். அத்தனை கட்டளைகளையும்விட இது விரைவான சோதனை.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகளும் இதே ரகம்தான். பெரும்பாலானவை வால்யூம் கீகள், அல்லது வேறு ஒப்பந்தத்தில் கொடுத்ததை எடுத்து விற்பவை. இன்று ஆக்டிவேட் ஆகும். மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கிய பிறகு அடுத்த முறை விண்டோஸ் போடும்போது ஏற்காது, விற்றவரும் அதற்குள் கடையைக் காலி செய்திருப்பார். விண்டோஸ் 7 கீயை வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் பழைய கதை. அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

பிழை எண் வந்தால்

நீளமான எண்களில் கடைசி நாலு இடத்தைப் பார்த்தால் போதும். எஃப்074 என்று முடிந்தால் கேஎம்எஸ் சர்வரைத் தேடிக் காணவில்லை. வீட்டு இயந்திரத்தில் இது வந்தால் கிராக் அறுந்துவிட்டது. சி003 என்றால் கீ முடக்கப்பட்டது. சி008 என்றால் அனுமதித்ததைவிட அதிகக் கம்ப்யூட்டரில் போட்டாகிவிட்டது. எஃப்050 பெரும்பாலும் டைப் செய்ததில் பிழை; எட்டையும் ஆங்கில பி எழுத்தையும் மாற்றிப் போட்டிருப்பீர்கள். 7001 என்றால் இந்த ஹார்டுவேருக்கு லைசென்ஸ் பதிவில்லை. போர்டு மாற்றிய பிறகு வருவது வழக்கம்.

கிராக் என்று தெரிந்தால்

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸின் அடியில் இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். புது கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். ஏதாவது ஃபோல்டர் பெயர் இருந்தால், அதை வைரஸ் சோதனை செய்யாதே என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பல கிராக் கருவிகளை ஓட்ட விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் கூடவே வேறு என்ன நுழைந்தது என்பது யாருக்கும் தெரியாது. 2021-ல் கேஎம்எஸ்பிகோ என்ற கிராக் கருவியின் போலி இன்ஸ்டாலர் வழியாகப் பாஸ்வேர்டு திருடும் கிரிப்ட்பாட் பரவியதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் கிராக்கை மட்டும் நீக்கிவிட்டு, புதுக் கீயைப் போட்டு அதே விண்டோஸில் தொடர வேண்டாம். டிரைவை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். பைல்கள் இருந்தால் முதலில் வெளியே எடுத்து வையுங்கள்; டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயையும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் என்று பில் கொடுத்த கடை கையை விரித்தால், கட்டளையின் ஸ்கிரீன்ஷாட், பெட்டி லேபிள், பில் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அலுவலகத்துக்கு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார்’ என்ற பதில், மேலே சொன்ன சோதனையைச் செய்து பார்த்த பிறகு எடுபடாது.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரே வேலை பாக்கி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சைன் இன் செய்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘லிங்க்டு டு யுவர் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்’ என்று வருகிறதா பாருங்கள். ரீடெயில் லைசென்ஸ்காரர்கள் நாளை மதர்போர்டு மாற்றினால் ட்ரபிள்ஷூட்டரில் ‘ஹார்டுவேர் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொள்ள இது வேண்டும். ஓஇஎம் லேப்டாப்பில் போர்டு பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். புதுப் போர்டில் கீயைப் பதிந்து தரச் சொல்லி, அங்கேயே அந்தப் பவர்ஷெல் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.